"யார் சொல்லி வந்தீங்க?": திருப்பூரில் ஒரு சிறு தொழிலுக்கு நாணயம் எங்கிருந்து வருகிறது

நூல்கண்டு (இழையைத் தொடங்கியவர்) · ஞாயிறு காலை

ஒன்பது ஆண்டுகள் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக (ஆர்டர்களைக் கவனிப்பவராக) வேலை பார்த்துவிட்டு, 2021இல் பதினாறு தையல் இயந்திரங்களுடன் திருப்பூரில் சொந்தமாகப் பனியன் கம்பெனி தொடங்கினேன். ஜிஎஸ்டி பதிவு, உத்யம் சான்று (குறு, சிறு தொழில் பதிவு), வங்கிக் கணக்கு விவரம், கைக்கு வந்திருந்த முதல் ஆர்டரின் நகல் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் அடுக்கி எடுத்துக்கொண்டு நூல் வாங்கப் போனேன். நூல் முகவர் கோப்பை வாங்கி மேசையில் வைத்துக்கொண்டு, அதைத் திறக்காமலே, "யார் சொல்லி வந்தீங்க?" என்று கேட்டார். என் பழைய முதலாளியின் பெயரைச் சொன்னேன். அங்கேயே அவரைக் கைபேசியில் அழைத்தார். பேச்சு ஒரு நிமிடம்கூட நீடிக்கவில்லை. பத்து மூட்டை நூல், முப்பது நாள் கடனில், அன்று மாலையே நிட்டிங்குக்கு (நூலைத் துணியாகப் பின்னும் இடத்துக்கு) போய்ச் சேர்ந்தது. கோப்பு திறக்கப்படாமலே என்னிடம் திரும்பி வந்தது.

அந்த ஒரு நிமிடத்தில் எனக்குக் கைமாறியது என்ன என்பதைப் பற்றித்தான் இங்கே பேச விரும்புகிறேன். அரசு கொடுப்பதை அங்கீகாரம் என்கிறோம், ஊர் கொடுப்பதை நாணயம் என்கிறோம். காசுக்கும் நேர்மைக்கும் தமிழில் ஒரே சொல் இருப்பது இங்கே தொழில் செய்கிறவருக்கு வியப்பாக இராது, ஏனென்றால் இரண்டையுமே இங்கு ஒருவர் மற்றவருக்குக் கடனாகத்தான் தருகிறார். ஒரு வட்டாரத்தின் தொழில்முனைவைப் பற்றி எழுதுகிறவர்கள் பலரும் நாணயத்தை ஒரு நிறுவனம் தானே உழைத்துச் சேர்த்து வைத்திருக்கும் சொத்தைப் போலப் பேசுகிறார்கள். நான் பார்த்தவரையில் அது இரவல். இரவல் கொடுத்தவர் அதற்குப் பிறகு நம் ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலிலும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். அந்த அழைப்புக்குப் பின், பழைய முதலாளி அனுப்பும் ஜாப் ஒர்க்குக்கு (கூலிக்குச் செய்து கொடுக்கும் வேலைக்கு) அவர் சொல்லும் கூலியை நான் ஒருமுறைகூட மறுத்துப் பேசியதில்லை, பில் 90 நாள் தாண்டினாலும் வாய் திறந்ததில்லை. அவர் என்னை மிரட்டியதும் இல்லை. மிரட்ட வேண்டிய தேவையே அந்த உறவில் இல்லாமல் போய்விட்டது. உங்கள் அனுபவம் வேறாக இருந்தால் எழுதுங்கள்.


பழைய ஓவர்லாக்

தம்பி, 1988இல் நான் நான்கு இயந்திரம் போட்டபோது அந்தக் கேள்வி என்னிடம் கேட்கப்படவில்லை. நூல் கொடுத்தவரும் நானும் ஒரே பவர் டேபிளில் (தையல் இயந்திர வரிசையில்) கைமடி வேலை, அதாவது தையல்காரருக்கு உதவியாள் வேலை, பார்த்தவர்கள். 1984இல் பஞ்சப்படிக்காக (அகவிலைப்படிக்காக) 127 நாள் வேலைநிறுத்தம் நடந்ததே, அதில் நாங்கள் இருவரும் ஒரே பக்கம் நின்றோம். அதன் பிறகு வந்த ஆண்டுகளில் ஏற்றுமதி பெருகியபோது, தொழிலாளியாக இருந்தவர்கள் பலர் சின்னச் சின்ன யூனிட் போட்டார்கள். அப்போது "உழைத்து மேலே வந்தவன்" என்பதுதான் எங்கள் சான்றிதழ். மெஷினில் உட்கார்ந்தவனுக்குத்தான் தையலின் கஷ்டம் தெரியும், அவனை நம்பிக் கட்டிங் செய்த துணியைக் கொடுக்கலாம் என்று ஊர் நினைத்தது.

ஊர் ஏன் ஆளைப் பார்க்கிறது என்பதை வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு பனியன் கப்பலேறுவதற்குள் நூல், நிட்டிங், சாயம், காம்பாக்டிங், பிரிண்டிங், கட்டிங், தையல், காஜா பட்டன், செக்கிங், அயர்ன், பேக்கிங் என்று பத்துக்கும் மேற்பட்ட இடங்களுக்குப் போய் வருகிறது. இவற்றில் பெரும்பாலானவை வேறு வேறு ஆட்களுடைய கூரையின் கீழ் நடக்கின்றன. லட்ச ரூபாய் மதிப்புள்ள துணி ஒரு டெம்போவில் ஏறி, ஒரு டெலிவரி சலானை மட்டும் துணையாக வைத்துக்கொண்டு, அடுத்தவர் வாசலில் இறங்குகிறது. நூறு கிலோ துணி சாயத்துக்குப் போனால் நூறு கிலோவாகத் திரும்பாது. வெள்ளைக்கு ஒரு கழிவு, கருநீலத்துக்கு வேறொரு கழிவு. எடை மெஷினில் ரோலை ஏற்றி, எண்ணைப் பார்த்து, சலானின் ஓரத்தில் எழுதும்போது ஆறு கிலோ குறைகிறது என்று வையுங்கள். அந்த ஆறு கிலோ கழிவா களவா என்பதை எந்தக் கோர்ட்டும் அன்று மாலைக்குள் தீர்த்துச் சொல்லாது, ஷிப்மென்ட்டோ பத்து நாளில் இருக்கிறது. ஆகவே ஆளைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

ஆனால் நீங்கள் இரவல் என்று எழுதியதைப் படித்த பிறகு ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது. உழைப்பு மட்டும் என்னை முதலாளி ஆக்கவில்லை. எங்கள் வீட்டில் மூன்று ஏக்கர் மேட்டாங்காட்டுப் பத்திரம் இருந்தது, அதை அடகு வைத்துத்தான் இயந்திரம் வாங்கினேன். அதே டேபிளில் என்னைவிட வேகமாகவும் சுத்தமாகவும் தைத்த ஒருவர் இன்றைக்கும் பீஸ் ரேட்டில்தான் (பீஸுக்கு இவ்வளவு என்ற கூலியில்தான்) இருக்கிறார். அவருக்கு அடகு வைக்க நிலமும் இல்லை, சொந்தபந்தத்தில் ஒரு நூல் கடைக்காரரும் இல்லை. அவர் ஊரின் எந்தப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தார் என்பதை நான் எழுதாமலே இங்கிருக்கிறவர்களுக்குப் புரியும்.


தணிக்கைமேசை

இருவர் சொல்வதையும் மதிக்கிறேன். ஆனால் நாற்பதுக்கும் மேற்பட்ட சிறு யூனிட்டுகளுக்குக் கணக்கு எழுதுகிறவன் என்ற முறையில், காகிதத்துக்கு மதிப்பே இல்லை என்ற முடிவுக்கு இந்த விவாதம் போய்விடக் கூடாது என்று நினைக்கிறேன். 2017இல் ஜிஎஸ்டி வந்தபோது அது வெறும் வரியாகத்தான் இருந்தது. 2022 ஜனவரி 1 முதல், விற்றவர் தன் ரிட்டர்னில் (வரிக் கணக்குத் தாக்கலில்) ஒரு பில்லைக் காட்டியிருந்தால்தான் வாங்கியவர் அந்தப் பில்லின் வரியைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியும் என்று சட்டம் இறுகியது. அன்றிலிருந்து பெரிய நிறுவனங்களின் கணக்குப் பிரிவு, சிறு யூனிட்டைப் பற்றி யாரிடமும் விசாரிப்பதற்கு முன்பே, அவருடைய ஜிஎஸ்டி எண்ணைத் தளத்தில் போட்டு மாதந்தவறாமல் ரிட்டர்ன் போட்டிருக்கிறாரா என்று பார்க்கிறது. தந்தை பெயரும் தெருவின் பெயரும் கேட்காத ஒரு நாணயம் இது. நிலப் பத்திரம் இல்லாத என் வாடிக்கையாளர்கள் இருவருக்கு, ஜிஎஸ்டி விற்றுமுதலைக் கணக்கில் எடுத்துக்கொண்டு வங்கி கடன் கொடுத்திருக்கிறது. பெரியவர் குறிப்பிட்ட அந்தத் தையல்காரருக்கு 1988இல் இந்த வழி இருக்கவில்லை, இன்று இருக்கிறது.


வார்ப்படம் (கோவை)

கோவையில் ஃபவுண்டரி வைத்திருக்கிறேன். எங்கள் ஊரிலும் "யார் சொல்லி வந்தீங்க?" என்று கேட்பார்கள். ஆனால் ஒரு பம்ப் செட் எத்தனை மீட்டர் உயரத்துக்கு எத்தனை லிட்டர் தள்ளுகிறது, அதற்கு எவ்வளவு மின்சாரம் குடிக்கிறது என்பதைச் சோதனை மேடையில் ஏற்றி அளந்துவிட முடியும். 1969இல் கொடிசியா என்ற சிறுதொழில் சங்கம் தொடங்கியதும், பிற்பாடு தொழில் அமைப்புகள் முன்னின்று சிடார்க் ஆய்வகத்தைக் கட்டியதும் எங்களைப் போன்றவர்களுக்கு இந்த வகையில் பெரிய உதவி. பெயர் தெரியாத ஒருவர் கொண்டுவரும் பம்ப்புக்காக அவருடைய சோதனை அறிக்கையே பேசிவிடும். அளக்க முடிகிற பொருளில் நாணயம் பொருளின் மேல் போய் ஒட்டிக்கொள்கிறது, அளக்க முடியாததில் ஆளின் மேல்.


நூல்கண்டு

வார்ப்படம் ஐயா, துணியையும் அளக்கிறார்கள். ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை) பார்க்க வட்டமாக வெட்டி எடை போடுகிறார்கள், சாயம் நிற்கிறதா என்று ஆய்வகத்தில் துவைத்துப் பார்க்கிறார்கள். ஆனால் அந்தச் சோதனைக்கு அனுப்புவது ஏற்றுமதியாளர், அறிக்கை வருவது அவர் பெயருக்கு. துணியை நிட்டிங் செய்தவரின் பெயரோ தைத்தவரின் பெயரோ அந்தத் தாளில் எங்கும் இருக்காது. உங்கள் ஊரில் செய்தவர் கையில் சான்று கிடைக்கிறது, எங்கள் ஊரில் செய்தவரைத் தாண்டிச் சான்று மேலே போய்விடுகிறது. இரண்டு ஊர்களுக்கும் இடையே ஐம்பது கிலோமீட்டர்தான், இருந்தாலும் உறவுகள் இவ்வளவு வேறுபடுவதற்கு இதுவே முக்கியமான காரணம் என்று படுகிறது.


பீஸ்கட்டு

நூல்கண்டு அண்ணா கடைசியாக எழுதியதைப் படித்த பிறகுதான் எழுதத் துணிந்தேன். நான் பன்னிரண்டு ஆண்டுகள் செக்கிங், மடித்தல் வேலை பார்த்தவள். இப்போது பதினான்கு பேரை வைத்து செக்கிங், அயர்ன், பேக்கிங் ஜாப் ஒர்க் எடுத்துச் செய்கிறேன். பதினான்கு பேரில் பதினொருவர் பெண்கள். உத்யம் சான்று என் பெயரில் இருக்கிறது, ஜிஎஸ்டி என் பெயரில் இருக்கிறது, தணிக்கைமேசை ஐயா சொன்னபடி ஒரு மாதமும் ரிட்டர்ன் தவறியதில்லை. இருந்தும் அட்டைப்பெட்டியும் பாலிபேக்கும் கடனுக்குக் கேட்டால், "வீட்டுக்காரரை ஒரு தடவை வரச் சொல்லுங்க" என்கிறார்கள். என் வீட்டுக்காரர் வேன் ஓட்டுகிறார். ஒரு பீஸில் ஊசி முனை முறிந்து கிடந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது என்று அவருக்குத் தெரியாது. அவர் வந்து பத்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்திருந்துவிட்டுப் போன பிறகு எனக்குக் கடன் கிடைத்தது.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். இதைவிட என் மனதை அறுப்பது ஆடிட், அதாவது சரக்கை வாங்குகிற வெளிநாட்டு நிறுவனங்கள் (பையர்கள்) ஆள் அனுப்பித் தொழிற்கூடத்தைச் சோதிப்பது. 2013 ஏப்ரலில் டாக்கா அருகே சாவாரில் ராணா பிளாசா இடிந்து 1,100-க்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு, வெளிநாட்டு பையர்கள் தங்கள் உடுப்பு எந்தக் கட்டடத்தில் தைக்கப்படுகிறது என்று கறாராகக் கேட்கத் தொடங்கினார்கள். தங்களிடம் சொல்லாத இடத்தில் வேலை நடந்தால் ஆர்டரை ரத்து செய்யும் நிபந்தனையும் வந்தது. அது நியாயமான கேள்வி. செத்துப்போன அந்தப் பெண்களை நினைத்தால் அதைக் குறை சொல்ல எனக்கு நாக்கு வராது. ஆனால் இங்கே அது வேறு விதமாக வந்து சேர்ந்தது. நான் வேலை எடுக்கும் ஒரு நிறுவனம் (பெயர் வேண்டாம்) பையரிடம் எல்லா வேலையும் தங்கள் சொந்த வளாகத்திலேயே நடப்பதாக எழுதிக் கொடுத்திருக்கிறது. ஆடிட்டர் வருவதற்கு முந்தின நாள் இரவு ஒரு டெம்போ வந்தது. எங்கள் டேபிளில் கட்டுக்கட்டாகப் பிரித்து வைத்திருந்த பீஸ்கள், அவற்றோடு கட்டிய தாள்கள், நாங்கள் கையெழுத்துப் போட்ட செக்கிங் ரிப்போர்ட் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். இரண்டு நாள் கழித்து அதே கட்டுகள் திரும்பி வந்தன. இடையில் எங்கள் கையெழுத்து இருந்த தாள்கள் மட்டும் மாற்றப்பட்டிருந்தன. பையரின் கண்ணுக்கு அவர்கள் நேர்மையானவர்களாகத் தெரிய வேண்டுமென்றால் நான் இல்லாமல் இருக்க வேண்டும். அவர்களுடைய நாணயம் என்னுடைய மறைவின் மேல் நிற்கிறது.

இதனால் உறவு எப்படி மாறுகிறது என்று பாருங்கள். இல்லாத ஓர் இடம் பில் பாக்கிக்காகச் சண்டை போட முடியாது. இல்லாத ஓர் இடத்துக்கு, நான் அந்தப் பிராண்டின் வேலையைச் சுத்தமாகச் செய்கிறேன் என்று அடுத்த நிறுவனத்திடம் சொல்லி வேலை கேட்கவும் முடியாது. ஆறு ஆண்டுகளாக நான் செய்த வேலை எதுவும் என் பெயரில் சேரவில்லை. உங்களுக்கு இரவலாவது கிடைத்தது அண்ணா, நானோ ஒவ்வொரு ஷிப்மென்ட்டுக்கும் புதிதாகத் தொடங்குகிறேன்.


கீழ்மடை

இந்த இழையைத் திருப்பூர் வழியாக ஓடும் நொய்யல் ஆற்றின் கீழ்ப்பகுதியிலிருந்து படிக்கிறேன். நாணயத்தை ஊருக்குள் ஒருவருக்கொருவர் கொடுத்து வாங்கிக்கொள்ளும் பொருளாகவே எல்லோரும் பேசுகிறீர்கள். வெளியிலிருந்து அதை மறுக்கிறவர்களும் உண்டு.

பாசனத்துக்காகக் கட்டி 1992இல் முடிந்த ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவு தேங்கும் குளமாக மாறியதையும், அந்தத் தண்ணீரைத் திறந்துவிட வேண்டாம் என்று பாசன உரிமை உள்ள விவசாயிகளே கேட்கும் நிலைக்குத் தள்ளப்பட்டதையும் நாங்கள் கண்ணால் பார்த்தோம். ஆயக்கட்டுதாரர்கள் தொடுத்த வழக்கில் 2006இல் தீர்ப்பு வந்தது. அதன்படி நடக்காததால் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய, சலவை ஆலைகளை மூட உத்தரவிட்டது. 700-க்கும் மேற்பட்ட ஆலைகள் ஒரேயடியாக நின்றன. அதற்கு முன்பு வரை சாயப்பட்டறைக்காரரும் ஏற்றுமதியாளரும் "நாம்" என்று பேசினார்கள். மூடிய மறுவாரமே அது "சாயக்காரர்களின் பிரச்சினை" என்று ஆகிவிட்டது. குறைந்த கூலிக்குச் சாயம் போடச் சொல்லி, சுத்திகரிப்புச் செலவைக் கூலியில் சேர்க்க மறுத்தவர்களும் அப்படித்தான் பேசினார்கள். பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் கொடுத்தது, ஒரு சொட்டுக்கூட ஆற்றில் விடாத முறைக்கு ஆலைகள் மாறின. இன்று கண்காட்சி அரங்குகளில் திருப்பூரின் பெருமையாக முதலில் சொல்லப்படுவது அதுதான். எங்கள் கிணறுகள் கெட்டதால் கிடைத்த சான்றிதழ் அது, ஆனால் எங்கள் பெயரும் அந்தப் பலகையில் இல்லை. பீஸ்கட்டு அக்கா எழுதியதைப் படித்தபோது இது எனக்கு நினைவுக்கு வந்தது.

இன்னொரு விளைவையும் கவனியுங்கள். பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தை நம்பித் தொழில் செய்ய வேண்டுமென்றால் அதில் ஒரு நாளைக்கு இத்தனை லிட்டர் என்ற பங்கு வேண்டும். பங்கு இருக்கிறவரைத் தேடி வேலை வருகிறது. கூலியைப் பற்றி நிமிர்ந்து பேச அவரால் முடிகிறது. புதிதாக வருகிறவருக்கு எவ்வளவு திறமை இருந்தாலும் அந்தக் கதவு திறப்பது கடினம். நீதிமன்றம் வழியாக வந்த அங்கீகாரமும் இப்படி லிட்டர் கணக்கில் சிலருடைய கையில் போய் நின்றது.


தணிக்கைமேசை

பீஸ்கட்டு அம்மா எழுதியதற்கு என்னிடம் முழுமையான பதில் இல்லை. சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது என்பதை மட்டும் சொல்கிறேன். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளிலும், இல்லையென்றால் 15 நாளிலும் உங்கள் பில் தீர்க்கப்பட வேண்டும். தவறினால் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி உண்டு. வருமான வரிச் சட்டத்தில் சேர்ந்த 43பி (எச்) பிரிவு 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து நடைமுறைக்கு வந்தது. குறு, சிறு நிறுவனங்களுக்கு அந்தக் கெடுவுக்குள் கொடுக்காத தொகையை, கொடுத்து முடிக்கும் ஆண்டு வரை பெரியவர்கள் செலவாகக் காட்ட முடியாது.


நூல்கண்டு

ஐயா, அந்தப் பிரிவு வந்தபோது எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். 2024 மார்ச்சில் நான் வேலை எடுக்கும் ஓர் இடத்திலிருந்து கணக்காளர் பேசினார். உத்யம் பதிவை ரத்து செய்துவிட்டு ஒரு கடிதம் கொடுங்கள், இல்லையென்றால் ஏப்ரலிலிருந்து வேலையை நடுத்தர நிறுவனம் ஒன்றுக்கு மாற்றிக்கொள்கிறோம் என்றார். நடுத்தர நிறுவனங்களுக்கு அந்தப் பிரிவு பொருந்தாது. என்னைக் காக்க வந்த சான்றே என்னை வேண்டாதவனாக்கியது. நான் ரத்து செய்யவில்லை, ஆனால் அந்த ஆண்டு அங்கிருந்து வந்த வேலை பாதியாகக் குறைந்தது. பில் பாக்கிக்காக அரசு நடத்தும் சமாதான் தளத்தில் முறையீடு செய்த ஒருவரை எனக்குத் தெரியும். பணம் வட்டியோடு வந்தது. அதற்குப் பிறகு அவர் "கேஸ் போட்ட ஆள்" ஆகிவிட்டார். உரிமையைப் பயன்படுத்தினால் நாணயம் போய்விடும் என்ற நிலை இருக்கும் வரை, சட்டம் இங்கே பாதி தூரம்தான் வந்திருக்கிறது என்பேன்.

பில்லை வங்கியிடம் கொடுத்து முன்கூட்டிப் பணம் பெறும் டிரெட்ஸ் தளங்களும் அப்படியே. 250 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ள நிறுவனங்கள் அதில் பதிய வேண்டும் என்று 2024 நவம்பரில் அறிவிப்பு வந்தது, நல்லதுதான். ஆனால் பெரியவர் அந்தத் தளத்தில் "ஆம், இந்தப் பில் என்னுடையதுதான்" என்று ஒப்புக்கொண்டால்தான் எனக்குப் பணம். நூல் முகவரின் மேசையில் நடந்த தொலைபேசி அழைப்பு கணினிக்குள் போயிருக்கிறது, அவ்வளவுதான்.


பழைய ஓவர்லாக்

பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோருக்காகத் தமிழக அரசு 30 கோடி ரூபாயில் ஸ்டார்ட்அப் நிதி தொடங்கியதையும், அண்ணல் அம்பேத்கர் திட்டத்தில் 35 சதவீதம் மூலதன மானியம் தருவதையும் அந்தத் தையல்காரரின் மகனிடம் நானே போய்ச் சொன்னேன். "மெஷின் வாங்கிடலாங்கய்யா, வேலை யார் கொடுப்பாங்க?" என்று கேட்டான். அன்று என்னிடம் பதில் இல்லை. போன மாதம் என் யூனிட்டின் கட்டிங்கில் ஒரு பகுதியை அவனுக்கு அனுப்பத் தொடங்கியிருக்கிறேன். முப்பத்தைந்து ஆண்டு தாமதம் என்பது எனக்குத் தெரியும்.


நூல்கண்டு

பீஸ்கட்டு சகோதரி, உங்கள் பதிவைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நானும் செக்கிங்கையும் அயர்னையும் வெளியில் ஒரு பெண்மணியிடம் கொடுத்துத்தான் வாங்குகிறேன். எனக்கு வேலை கொடுக்கிறவர் நிரப்பச் சொன்ன படிவத்தில், எல்லாம் என் கூரையின் கீழ் நடப்பதாக நானும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இரவல் வாங்கியதைப் பற்றி இத்தனை எழுதிவிட்டு, எனக்குக் கீழே இருக்கிறவருக்கு இரவலாகக்கூட எதையும் கொடுக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. நேற்று எனக்கு வேலை தருகிறவரிடம் போய், அடுத்த படிவத்தில் அந்த யூனிட்டின் பெயரையும் முகவரியையும் துணை ஒப்பந்த இடமாகச் சேர்க்க வேண்டும் என்று கேட்டேன். முதலில் தயங்கினார். பிறகு, ஆடிட்டர் அங்கேயும் வருவார், அப்போது குறை இருந்தால் மொத்த ஆர்டரும் போகும், அதற்கு நீ பொறுப்பா என்று கேட்டார். பொறுப்பு என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். அந்த இடத்தில் முதலில் எதைச் சரிசெய்ய வேண்டும் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.


பீஸ்கட்டு

அண்ணா, முதலில் வருகைப் பதிவேடு. பழைய தேதி போட்டு எழுதாதீர்கள். வருகிற ஒன்றாம் தேதியிலிருந்து புதிதாகத் தொடங்குங்கள், மூன்று மாதம் உண்மையாக ஓடிய பதிவேட்டை ஆடிட்டர் மதிப்பார். பத்துப் பேரோ அதற்கு மேலோ இருந்தால் இஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீடு) சலான் மாதவாரியாக வேண்டும், சம்பளம் வங்கி வழியாகப் போக வேண்டும். தீயணைப்பான் வாங்கி மாட்டினால் போதாது, அதை இயக்க இரண்டு பெண்களுக்காவது தெரிந்திருக்க வேண்டும். வெளியே போகும் இரண்டாவது வழியில் அட்டைப்பெட்டி அடுக்கியிருந்தால் இன்றைக்கே எடுக்கச் சொல்லுங்கள். செக்கிங் டேபிளுக்கு மேலே விளக்கு போதாது என்றால் அதற்கும் குறிப்பு எழுதுவார்கள். இதற்கெல்லாம் அவருக்குச் செலவு ஆகும், ஆகவே பீஸுக்கு எத்தனை பைசா கூட்டித் தருவீர்கள் என்பதையும் அதே நாளில் பேசி எழுதிக்கொள்ளுங்கள். அந்தத் தாளில் அவருடைய பெயரை முழுதாக எழுதுங்கள், கையெழுத்தும் அவரே போடட்டும்.